பாலயோகினியும் ஜாதிப்பிரஷ்டமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஜாதிச் சங்கத்தின் மேடையில் பேசும்படத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் ஐயுறக்கூடும். நாம் எடுத்துக்கொண்டது 1937-ஆம் ஆண்டில் வெளிவந்த "பாலயோகினி". இன்று அதன் பெயரையும் பலர் அறியார். ஆயினும் அதன் சரித்திரம் நம்போன்ற சங்கத்தார் அவசியம் சிந்திக்கத்தக்கது.

அதனை எடுத்தவர் ஸ்ரீ கே. சுப்பிரமணியம். பாபநாசத்தில் பிராமண குலத்திற் பிறந்து, வக்கீல் தொழிலுக்குப் பயின்றவர். புராணக் கதைகளே திரையில் கோலோச்சிய நாளில், அவர் நம் வீட்டுக் கூடங்களில் நடப்பதையே கதையாக்கினார். கடனால் நொடித்த ஓர் ஏழைப் பிராமணக் குடும்பம்; அதிற் பிறந்த சரஸா என்பாள் உதவி நாடிச் சென்ற செல்வர் வீட்டினின்று துரத்தப்படுகின்றாள். அவளுக்கு இடமளிப்பவன், தாழ்ந்த ஜாதியான் என்று ஒதுக்கப்பட்ட வேலைக்காரன் முனுசாமி. அது பொறாத கூட்டத்தார் அவன் குடிசையைக் கொளுத்துகின்றனர். பின்னர் அவன் இறந்துபட, அவனுடைய மக்களைச் சரஸா தன் மக்களாகவே வளர்க்கின்றாள்.

கதையோடு நின்றாரில்லை. விதவையின் வேஷத்திற்கு மெய்யாகவே விதவையான ஒரு பிராமண மாதை அமர்த்தினார். தஞ்சாவூர்ப் பிராமணப் பெரியோர் வெகுண்டனர். கூட்டங்கூடி அவரை ஜாதிப்பிரஷ்டம் செய்தனர்.

ஜனங்கள் அளித்த தீர்ப்போ வேறு. படம் பெரும் வெற்றி பெற்றது. அதில் நடித்த பேபி சரோஜா, சுப்பிரமணியத்தின் சகோதரர் புதல்வி. அச்சிறுமியின் ஆட்டத்திலும் பேச்சிலும் நெஞ்சைப் பறிகொடுத்த தாய்மார் தம் பெண்மகவுகட்கு "சரோஜா" என்றே பெயரிடலாயினர். சபையில் ஒரு பெயர் விலக்கப்பட்டது. தொட்டிலருகே மற்றொரு பெயர் அழைக்கப்பட்டது. எது நிலைத்ததென்று நாம் சொல்லவும் வேண்டுமோ? சுப்பிரமணியமும் அஞ்சி ஒதுங்கவில்லை. 1938-இல் "சேவாஸதனம்", 1939-இல் "தியாகபூமி" என, பெண்டிர் படுந்துயரையே மேலும் திரையேற்றினார்.

சகோதரர்களே! விதவை நடித்தாள் என்பதற்காகக் கூடிய சபை, விதவை பசித்தாள் என்பதற்காக எத்தனை முறை கூடியிருக்கும்? இக்கேள்வி தஞ்சாவூரார்க்கு மட்டும் உரியதன்று. நம் குலத்திலும் கணவனை இழந்தாரும், கடனால் வீடிழந்தாரும் உளர். அவர்கள் நம் கதவைத் தட்டுங்கால் நாம் அந்தச் செல்வராயிருப்போமா, முனுசாமியாயிருப்போமா? விலக்குதற்குக் கூடும் சபை எளிது. காத்தற்குக் கூடும் சங்கமே அரிது. நம் சங்கம் அவ்வரிய வகையைச் சேர்ந்ததாகுக என்று வேண்டி, இவ்வளவில் நம் உரையை முடித்துக்கொள்ளுகின்றோம்.