இலவசக் கல்விக்கு ஒரு பற்றுச்சீட்டு

இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, என்னை அறிமுகம் செய்தவர் நான் இருந்த கதிரைகளை ஒன்று விடாமல் வாசித்துவிட்டார். இலங்கைக் கணக்காளர் சேவையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னாலே போதும். முன்வரிசையில் சிலர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. சுருக்கமாகப் பேசுவேன் என்று வாக்குத் தரமாட்டேன். கணக்காளர்கள் பொய் சொல்லக்கூடாது.

உங்களில் பெரும்பாலானோர் 2022 பெப்ரவரி 7ஆம் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சையை எழுதியவர்கள். அது முடிந்து சில நாட்களிலேயே, அச்சடிக்கக் கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைப் பிற்போட்டார்கள். மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. உங்கள் பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வந்து, அரச பல்கலைக்கழகம் இல்லை என்று ஆனபோது, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உங்கள் வீட்டில் ஓர் அவசரக் கூட்டம் நடந்திருக்கும். இந்தத் தனியார் நிறுவனத்தில் கட்டணத்தைப் பிரித்தானியப் பவுணில் கேட்கிறார்களே, என்ன செய்வது? எந்தச் சங்கிலியை அடகு வைப்பது? கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு யார் போன் எடுப்பது? அந்தக் கூட்டத்தில் எடுத்த முடிவுதான் இன்று இந்த மேலங்கியாக உங்கள் தோளில் இருக்கிறது. பெற்றோருக்கு ஒருமுறை கைதட்டுங்கள். நன்றி.

இப்போது நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். 2024ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சையில் ஏறத்தாழ 177,000 பேர் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றார்கள். அரச பல்கலைக்கழகங்கள் ஓர் ஆண்டில் சேர்ப்பது 40,000ஐச் சற்றுத் தாண்டும். தகுதி உண்டு, இடம் இல்லை என்று வெளியே நிற்பவர்கள் நான்கில் மூன்று பங்கு. உங்கள் ஆண்டில் அப்படி நின்றவர்களில் நீங்களும் இருந்தீர்கள். கொழும்புப் பிள்ளைகள் ஒரு முறைப்பாடு சொல்வார்கள்: "இதே இசட் புள்ளியை முல்லைத்தீவில் எடுத்திருந்தால் உள்ளே போயிருப்பேன் அன்ரி." உண்மைதான். கலைப் பிரிவு நீங்கலாகப் பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீதம் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டத்துக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆனால் முல்லைத்தீவுப் பிள்ளையோடு சண்டை பிடிக்காதீர்கள். இலங்கையில் 10,000க்குச் சற்று அதிகமான அரச பாடசாலைகள் உண்டு. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் அவற்றில் ஏறத்தாழ 1,000தான். சண்டை பிடிப்பதானால், இடங்களின் எண்ணிக்கையை இவ்வளவில் வைத்திருப்பவர்களோடு பிடியுங்கள்.

இந்த நாட்டில் கல்வி இலவசம். அப்படித்தான் எனக்கும் சொல்லித் தந்தார்கள். 1943இல் அப்போதைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் விசேட குழு அறிக்கை தந்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. தமிழ், சிங்களப் பாடசாலைகளில் அதற்கு முன்பும் கட்டணம் இருக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டணம் ஆங்கிலப் பாடசாலைக்கு. உத்தியோகத்துக்கு வழி ஆங்கிலப் பாடசாலை. அந்தக் கதவைத்தான் அவர் திறந்தார். கட்டணத்தை எடுத்துவிட்டால் மட்டும் ஏழைப் பிள்ளை வந்துவிடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய கல்லூரிகளைக் கிராமப்புறங்களில் எழுப்பினார். விடுதி கட்டினார். கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பிலேயே தெரிந்தெடுத்து, சாப்பாடும் படுக்கையும் கொடுத்துப் படிக்க வைத்தார். இன்று நம் தாய்மார் ஒன்பது வயதுப் பிள்ளையை வகுப்பு வகுப்பாக இழுத்துக்கொண்டு அலைகிறார்களே, அந்தப் புலமைப்பரிசில் பரீட்சையின் பூர்வீகம் அதுதான்.

இவ்வளவும் செய்தவர் 1947 தேர்தலில் தன் சொந்த மத்துகம தொகுதியில் வில்மட் பெரேராவிடம் தோற்றார். கல்வி கொடுத்தால் வாக்குக் கிடைக்காது என்ற பாடத்தை மட்டும் நம் அரசியல்வாதிகள் அன்றே நன்றாகப் படித்துக்கொண்டார்கள் போலும்.

மலையகத்துப் பிள்ளைகளுக்கு 1945 வரவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டப் பாடசாலைகள் எழுபதுகளின் பிற்பகுதி வரை தோட்டத்துரைமாரின் பொறுப்பில் கிடந்தன. புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை தூக்கிய எத்தனையோ அண்ணன்மார் அந்தப் பாடசாலைகளில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். என் அப்பா அவர்களோடுதான் வேலை செய்தார்.

அப்பா புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கப்பிள்ளை. நாங்கள் ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கடைக் கணக்கை முடித்துவிட்டு வந்து, வீட்டுக் கணக்கை ஒரு நீளக் கொப்பியில் எழுதுவார். அரிசி, மண்ணெண்ணெய், வாடகை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம். ஒரு பக்கத்தின் தலைப்பு: "இலவசக் கல்வி." அதைப் பகடியாக எழுதினாரா, நேர்மையாக எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அப்பா சிரிப்பது குறைவு. அந்தத் தலைப்பின் கீழ் என்ன இருந்தது தெரியுமா? கொப்பி, மை, பஸ் சீசன். சீருடைக்கு வெள்ளைத் துணி, தையல்காரர் கூலி. சப்பாத்து வெள்ளை. பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணம். விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் சோடிக்கக் கிரேப் கடதாசி. மாற்றலாகிப் போன ரீச்சருக்குப் பிரியாவிடைப் பங்கு. பிறகு, நான் சாதாரண தர வகுப்புக்கு வந்த ஆண்டிலிருந்து, மாதா மாதம் ஒரே வரி: "கணித ரியூஷன்." பாடசாலையில் கணித ஆசிரியர் இருக்கவில்லை. ஓராண்டு முழுக்க இருக்கவில்லை.

1980இல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும், தம்பியின் "புத்தகம்" என்ற வரியை அப்பா சிவப்பு மையால் வெட்டினார். வெட்டியதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஓர் அரசாங்கத் தீர்மானம் ஒரு வீட்டுக்குள் எப்படி வருகிறது என்பதை நான் அன்றுதான் கண்டேன். சேவைக்கு வந்த பிறகு எந்த அமைச்சின் கோப்பு மேசைக்கு வந்தாலும், இது யாருடைய கொப்பியில் எந்த வரியை வெட்டும் என்றுதான் கேட்பேன். வெட்டாது என்றால் அது திட்டமில்லை, விளம்பரம்.

பிறகு நான் பேராதனைக்குப் போனேன். பொருளியல், தமிழ் மொழிமூலம். 1983இல் அங்கே தமிழ் மாணவர்களுக்கு என்ன நடந்தது என்று பேச இது மேடையில்லை. மழை, மேடு, விடுதிச் சோறு, நூலகத்தில் ஒரே புத்தகத்துக்கு வரிசை என்று மற்றதெல்லாம் எல்லோரும் சொல்லும் கதைதான். மகாபொல புலமைப்பரிசில் 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி. தொடக்க காலத்திலேயே எனக்கும் கிடைத்தது. அப்பா அதை வரவுப் பக்கத்தில் எழுதினார். பணம் பிந்தும் மாதங்களில் பென்சிலால் எழுதினார்: "வரவேண்டியது, அரசாங்கத்திடமிருந்து." அரசாங்கத்தைக் கடன்காரர் பட்டியலில் சேர்த்த முதல் கணக்காளர் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

மகாபொல நிதிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு பங்கு லொத்தரிலிருந்து. வெள்ளவத்தைச் சந்தைக்கு எதிரே லொத்தர் தட்டை ஒருமுறை நின்று பாருங்கள். வாங்குபவர் யார்? ஓட்டோ ஓட்டுபவர், கட்டடத்தில் சீமெந்து குழைப்பவர், காய்கறி விற்கும் அம்மா. காலி வீதியில் குளிர்சாதனக் காரில் போகிறவர் இறங்கி வந்து அபிவிருத்தி லொத்தர் வாங்குவதை நான் கண்டதில்லை. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அதையும் அந்த அம்மா சவர்க்காரம் வாங்கும்போது கட்டுகிறார். அரசு கொடுக்கும் இலவசத்தில் பெரும்பகுதியை இந்த நாட்டின் ஏழைகள்தான் முற்பணமாகக் கட்டியிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் போன பிள்ளைகள், நான் உட்பட, அதற்குப் பற்றுச்சீட்டு கொடுத்ததில்லை. அந்த ஏழைகளின் பிள்ளைகளோ பெரும்பாலும் வெட்டுப்புள்ளிக்கு வெளியே நிற்கிறார்கள். காரணம் ரியூஷன்.

இனி நான் என் பழைய பாட்டைப் பாடப் போகிறேன். என் மகன் இங்கே இருந்திருந்தால் இந்த இடத்தில் எழுந்து வெளியே போயிருப்பான். சனிக்கிழமை காலை காலி வீதியில் நின்று பாருங்கள். 101ஆம் இலக்க பஸ்ஸிலிருந்து பைலை நெஞ்சோடு அணைத்தபடி பிள்ளைகள் இறங்குவார்கள். மின்கம்பங்களில் மேலே தியரி, கீழே ரிவிஷன், அதற்குக் கீழே பேப்பர் கிளாஸ் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ஒரே பாடத்துக்கு மூன்று முறை காசு. ஒரு பாடத்துக்கு மாதம் 2,000, 3,000 ரூபா என்று தாய்மார் சொல்கிறார்கள். மூன்று பாடத்தையும் பெருக்கிப் பாருங்கள், நீங்கள் பட்டதாரிகள். அதே பிள்ளைகளின் அரச பாடசாலையில் உயர்தர வகுப்பறை பரீட்சைக்கு மாதங்களுக்கு முன்பே வெறுமையாகிவிடுகிறது. சம்பளம் அரசு கொடுக்கிறது, படிப்பை வீடு வாங்குகிறது. நெருக்கடியின்போது பிள்ளைகளின் கல்விக்கு என்ன நேர்ந்தது என்று 2023இல் குடிசன மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் வீடு வீடாகக் கேட்டது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பாதிப்பு. பழைய கொப்பியில் எஞ்சிய பக்கங்களைக் கிழித்துத் தைத்துப் பாவித்தவர்களும் ரியூஷனை நிறுத்தியவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ரியூஷனை நிறுத்தியவர்கள் படிப்பையே நிறுத்தியவர்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

ஆசிரியர்களைத் திட்டி இதை முடித்துவிட முடியாது. அரசு கல்விக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைச் சுற்றித்தான் பல ஆண்டுகளாக நிற்கிறது. தேர்தல் மேடைகளில் 6 என்பார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கினார்கள்; ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலை 750இலிருந்து 1,500 ஆக்கினார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் 1,500 ரூபா என்பது நான் இப்போது சொன்ன ஒரு பாடத்து ரியூஷனுக்கும் காணாது.

என்னிடம் அரசாங்கம் கேட்டால், முதலில் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் ஆசிரியர் வெற்றிடத்தை மாதந்தோறும் பகிரங்கமாக அறிவிக்கச் சொல்வேன். கட்டடம் பிறகு கட்டலாம். திறப்பு விழாவும் பிறகு வைக்கலாம். மகாபொலவை அரச ஊழியர் சம்பளம் போலக் குறித்த திகதியில் கொடுக்க வேண்டும். உங்களைப் போன்று வெளியே நிற்பவர்களுக்கு 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் நல்ல எண்ணம்தான். ஆனால் கடன் கடன்தான்; ஓட்டோ ஓட்டும் தகப்பன் அதைக் கண்டு பயப்படுகிறார், பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்து, அங்கீகாரம் பெற்ற எந்த நிறுவனத்தில் படித்தாலும் பிள்ளையின் பின்னால் போகும் கொடுப்பனவாக ஒரு பகுதியை அரசு ஏற்க வேண்டும். மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிக்காக 2018 வரை வீதியில் நடந்த சண்டையில் இரு தரப்பும் கத்தின. வெளியே நின்ற பிள்ளையின் தகப்பன் மட்டும் பேசவில்லை.

இன்னொன்று. கொழும்பில் நடத்தும் பாடநெறிக்கு ரூபாவிலேயே கட்டணம் வாங்க வேண்டும், சேரும் நாளில் சொன்ன தொகையை முடியும்வரை மாற்றக்கூடாது என்று ஒரு சட்டம் வேண்டும். 2022இல் உங்கள் வீடுகளில் நடந்தது இனி நடக்கக்கூடாது. மேடையில் என் இடப்பக்கம் சற்று அமைதியாகிவிட்டது. அடுத்த ஆண்டு என்னை அழைக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை.

பட்டமளிப்பு விழாவில் புத்திமதி சொல்லாமல் போனால் என் வயதுக்கு மரியாதை இல்லை. சிங்களத்தில் ஒரு பக்கக் கடிதம் பிழையில்லாமல் எழுதப் பழகுங்கள். இந்த நகரத்தில் அது உங்கள் பட்டத்தில் பாதி. வேலைக்குப் போனால் முதல் சம்பளத்தில் அடகு வைத்ததை மீட்டுக் கொடுங்கள், போன் பிறகு வாங்கலாம். வெளிநாடு போகிறவர்கள் போங்கள், நான் தடுக்கவில்லை; போனாலும் கொட்டாஞ்சேனையிலோ ஹற்றனிலோ ஒரு பிள்ளையின் பஸ் சீசனைப் பொறுப்பெடுங்கள்.

நவம்பரில் அடுத்த வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்துக்கு வரும். அதற்கு முன் நிதி அமைச்சு பொதுமக்களிடம் யோசனை கேட்கும்; கேட்பது வழக்கம், நம்மவர்கள் எழுதுவது வழக்கமில்லை. இந்த முறை எழுதுங்கள். பாலர் வகுப்பிலிருந்து இன்றுவரை உங்கள் படிப்புக்கு வீட்டில் எவ்வளவு செலவானது என்று அம்மா அப்பாவிடம் கேட்டு, தொகையோடு, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அனுப்புங்கள்.