தொட்டில் பழக்கம் கூண்டில் ஏறட்டும்



‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’, ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்னும் பழமொழிகள் பிள்ளை வளர்ப்போருக்குச் சொல்லும் எச்சரிக்கையாக வீட்டோடு நிற்கும் வரையில் அவற்றோடு எவருக்கும் வழக்கில்லை. அதே பழமொழிகள் காவல் நிலையத்தின் படியேறி, சட்டமன்றத்துக்குள்ளும் நுழைந்து, பிடிபட்ட பதினாறு வயதுப் பையனின் மீதி வாழ்நாளை முன்கூட்டியே எழுதி முடிக்கத் தொடங்கும்போதுதான் அவற்றைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டியதாகிறது.

விசாரணைக்குச் சாட்சிகள் இருக்கின்றன. ஒரே மனிதர்களை இளமை முதல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆராய்ச்சியை நெடுங்கால ஆய்வு என்பர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மனநல மருத்துவமனைக்குச் சிறு வயதில் அழைத்து வரப்பட்ட 524 பேரை முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து ஆராய்ந்த லீ ராபின்ஸ், 1966இல் வெளியிட்ட நூலில் இரண்டு உண்மைகளைச் சேர்த்தே சொன்னார். சமூகத்துக்குக் கேடு செய்யும் பெரியவர்களின் பின்கதையைப் பார்த்தால் ஏறத்தாழ எல்லோரிடமும் சிறு வயது முரட்டுத்தனம் தென்படுகிறது. ஆனால் முரட்டுத்தனம் காட்டிய பிள்ளைகளை முன்னோக்கித் தொடர்ந்தால் அவர்களில் பெரும்பாலோர் அத்தகைய பெரியவர்களாக ஆவதில்லை. நிற்கும் பனைகள் எல்லாம் கொட்டையிலிருந்து எழுந்தவையே. விழுந்த கொட்டைகள் எல்லாம் பனையாவதில்லை. சிறைக்குள் நின்று பின்னோக்கிப் பார்ப்பவருக்கு முதல் உண்மை மட்டுமே தெரிகிறது. சட்டம் இயற்றுவோர் பெரும்பாலும் அங்கிருந்துதான் பார்க்கிறார்கள் என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

ஷெல்டன் குளூக், எலனார் குளூக் என்னும் ஹார்வர்டு தம்பதியரின் ஆய்வு இதை இன்னும் நெருக்கத்தில் காட்டுகிறது. மாசசூசெட்ஸ் மாநிலச் சீர்திருத்தப் பள்ளிகளில் அடைக்கப்பட்டிருந்த 500 சிறுவர்களையும், வயது, இனம், அறிவுத்திறன், குடியிருந்த வட்டாரத்தின் வறுமை ஆகிய யாவற்றிலும் அவர்களுக்கு நிகரான, ஆனால் குற்றத்தில் இறங்காத 500 சிறுவர்களையும் இணை இணையாக நிறுத்தி அவர்கள் ஒப்பிட்டார்கள். அதன் முடிவுகள் 1950இல் நூலாக வந்தன. ஆறு வயதிலேயே வருங்காலக் குற்றவாளியைக் கண்டறியலாம் என்று நம்பிய அவர்கள் அதற்கென ஒரு மதிப்பெண் அட்டவணையும் வகுத்தார்கள். அந்த அட்டவணையில் இருந்த கூறுகள் ஐந்து: தந்தையின் கண்டிப்பு எத்தகையது, தாயின் மேற்பார்வை எத்தகையது, தந்தையின் அன்பு, தாயின் அன்பு, குடும்பத்தின் ஒற்றுமை. பையன் செய்த காரியம் ஒன்றுகூட அதில் இல்லை என்பதை அவையோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஐந்தும் பெற்றோருடைய கணக்கு. எழுதப்பட்டதோ பிள்ளையின் பெயரில்.

குளூக் தம்பதியரின் ஆய்வு ஆவணங்கள் ஹார்வர்டு சட்டக் கல்லூரி நூலகத்தின் நிலவறையில் அட்டைப்பெட்டிகளில் தூசி படிந்து கிடந்தபோது 1980களில் ஜான் லாப் என்னும் ஆய்வாளரின் கண்ணில் பட்டன. அவரும் ராபர்ட் சாம்ப்சனும் அவற்றை மீண்டும் கணக்கிட்டு 1993இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். பின்பு, சீர்திருத்தப் பள்ளியில் இருந்து அப்போது எழுபதை எட்டிக்கொண்டிருந்த 52 பேரைத் தேடிக் கண்டுபிடித்து, வாழ்க்கை வரலாற்றை அவர்கள் வாயாலேயே கேட்டு, 2003இல் இன்னொரு நூலை எழுதினார்கள். அதட்டலும் அடியும் நிறைந்து மேற்பார்வை இல்லாத வீடு சிறுவனைக் குற்றத்தின் பக்கம் தள்ளுகிறது என்பதை அவர்களும் மறுக்கவில்லை. மறுத்தது அடுத்த படியை. நிலையான வேலை, பிணைப்புள்ள திருமணம், இராணுவச் சேவை போன்றவை பலருடைய பாதையை நடுவயதில்கூடத் திருப்பிவிட்டிருந்தன. இவற்றைத்தான் அவர்கள் திருப்புமுனைகள் என்றார்கள். மிகக் கெட்ட அறிகுறிகளோடு தொடங்கியவர்களிடத்திலும் வயது ஏற ஏறக் குற்றம் தேய்ந்தது. எவன் முன்னே விடுபடுவான், எவன் பின்னே விடுபடுவான் என்பதைக் குழந்தைப் பருவத்துக் குறிப்புகளால் சொல்ல முடியவில்லை. அட்டவணை எந்தத் தரவிலிருந்து பிறந்ததோ, அந்தத் தரவே அதற்கு எதிர்ச்சாட்சி சொல்லிவிட்டது.

எதிர்த்தரப்பார் இங்கே பிலடெல்பியாவை எடுத்துக் காட்டுவார்கள். 1945இல் பிறந்து அந்நகரில் வளர்ந்த 9,945 ஆண்பிள்ளைகளில் 627 பேர், அதாவது சுமார் 6 விழுக்காட்டினர், அக்கூட்டத்தின் குற்றங்களில் 52 விழுக்காட்டைச் செய்தார்கள் என்பது மெய்யே. எல்லாம் நடந்து முடிந்த பின் எண்ணிப் பார்த்துக் கிடைத்த தொகை அது. நடப்பதற்கு முன் அந்த 627 பேரைப் பெயர் சொல்லிக் காட்ட எவராலும் இயலவில்லை. இருந்தும் அத்தகைய கணக்கைப் பிடித்துக்கொண்டு, இரக்கமற்ற சிறுவர் படை ஒன்று வருகிறது என்று 1995இல் ஜான் டியூலியோ என்னும் அரசியல் அறிஞர் முரசறைந்தார். அந்த அச்சத்தின் அலையில் அமெரிக்க மாநிலங்கள் பலவும் சிறுவர்களைப் பெரியவர்களாக விசாரிக்கும் வாசலை அகலத் திறந்தன. படை வரவில்லை, சிறார் வன்முறை குறைந்தது. 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் சிறார் ஆயுள் தண்டனை பற்றிய வழக்கு நடந்தபோது, அந்தக் கணிப்பு பொய்த்தது என்று ஒப்புக்கொண்ட மனுவில் டியூலியோவும் சேர்ந்து கையொப்பமிட்டார். அதற்குள் சிறைக்குப் போன பிள்ளைகளின் ஆண்டுகளை எந்த மனு திருப்பித் தரும்?

அந்தப் பாடம் கண்முன் இருந்தும், ஓர் இளம்பெண் கூட்டு வல்லுறவுக்கு ஆளாகி இறந்த, 18 வயது நிரம்பாத ஒருவனும் குற்றம் சாட்டப்பட்ட 2012 டெல்லிக் கொடுமையின் பின் எழுந்த நியாயமான கோபத்தில் இந்திய நாடாளுமன்றம் 2015இல் இளைஞர் நீதிச் சட்டத்தைத் திருத்தி எழுதியது. பாதிக்கப்பட்ட பெண்ணின் துயரத்தைச் சிறிதாக்கும் சொல் ஒன்றும் இம்மேடையில் எழாது. கேள்வி சட்டத்தின் அறிவைப் பற்றியது. அதன் 15ஆம் பிரிவின்படி, குறைந்தது ஏழாண்டு தண்டனைக்குரிய கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை, இளைஞர் நீதிக் குழுமம் மூன்று மாதத்துக்குள் மதிப்பிட வேண்டும். குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் அவனுக்கு இருந்ததா, விளைவை உணரும் ஆற்றல் இருந்ததா என்று பார்த்து, பெரியவனைப் போல விசாரிக்க அனுப்பலாமா என்பதை அது முடிவு செய்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு, தண்டனை பெற்ற அப்பிள்ளை 21 வயதை எட்டும்போது அவனிடம் திருந்திய மாற்றம் ஏற்பட்டிருக்கிறதா என்று குழந்தைகள் நீதிமன்றம் ஆராய்ந்து, ஏற்பட்டிருந்தால் விடுவிக்கலாம் என்கிறது. 21 வயதில் அவன் மாறியிருக்கக்கூடும் என்று ஏற்கும் சட்டம், அந்த மாற்றம் நிகழ வேண்டிய ஆண்டுகளின் வாசலில், விசாரணைக் காலத்தில் சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் உட்கார்ந்திருக்கும் பதினாறு வயதுப் பையனைப் பெரியவன் என்று முத்திரை குத்துவது எந்த நியாயத்தால்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத வரையில் 15ஆம் பிரிவு நீக்கப்பட வேண்டும் என்றே இம்மேடை கோருகிறது.