விற்ற டிராக்டரைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்ல டீலருக்கு உரிமை இல்லை!

(வட்டாரப் பொதுக்கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சந்தையில் மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். மறைத்து விற்ற குறை தெரிந்தால் தரகரைக் கூப்பிட்டு மாட்டைத் திருப்பி விடுகிறோம். அந்த நியாயம் மாட்டுச் சந்தையில் இருக்கு. ஏழெட்டு லட்சம் ரூபாய் டிராக்டர் விற்கிற ஷோரூமில் மட்டும் இல்லையாம்! “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று பில்லிலேயே அச்சடித்து வைத்திருக்கான்.

நம்ம ஒன்றியத்தில் நடந்ததைச் சொல்கிறோம். சங்க உறுப்பினர் ஒருவர். சொந்தம் மூன்றரை ஏக்கர், குத்தகை நாலு ஏக்கர். சம்பாவுக்கு முன்னாடி, தவணையில் புது டிராக்டர் எடுத்தார். ஹவர் மீட்டர் நாற்பது மணி காட்டுறதுக்குள்ளே லிப்ட் தகராறு. ரொட்டவேட்டரைத் தூக்கினா நிற்கல, தானா இறங்குது. அடியில் எண்ணெய் கசியுது. ஐந்து தடவை சர்வீசுக்குப் போச்சு. “சரியாயிடுச்சு, ஓட்டிட்டுப் போங்க” என்று ஐந்து தடவையும் சொன்னாங்க. ஐந்தாவது தடவை வண்டி இருபத்து மூன்று நாள் அவங்க ஷெட்டிலேயே கிடந்தது. இவர் மணிக்கணக்கு வாடகைக்கு வேற வண்டி பிடிச்சு சேறடிச்சார்.

டீலரைக் கேட்டா “கம்பெனியைக் கேளுங்க” என்கிறார். கம்பெனியைக் கேட்டா “டீலரைப் பாருங்க” என்கிறாங்க. பைனான்ஸ்காரரோ “வண்டி ஓடுதோ ஓடலையோ, தவணை தேதிக்கு வரணும்” என்கிறார். தவணை தவறினா என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில், டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. கெட்டுப்போன வண்டியை விற்றவனுக்கு ஒரு கேள்வி இல்லை, வாங்கினவனுக்கு அடி! இந்த அநியாயத்தைத்தான் கேட்க வந்திருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்லுது?

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2019-ல் புதுச் சட்டம் போட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் எழுத்து எழுத்தாகச் சொல்லுது. குறையை நீக்கு, இல்லை வேறு வண்டி கொடு, இல்லை பணத்தை வட்டியோடு கொடு, நஷ்ட ஈடும் கொடு என்று உத்தரவு போட மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மதிக்காதவருக்குச் சிறைத் தண்டனை கூட உண்டு.

டீலர்கள் சொல்லும் சாக்கு

ஒன்று: “டிராக்டர் வாடகைக்கு ஓட்டுற தொழில் வண்டி, நீங்க நுகர்வோரே இல்லை.” தப்பு. தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கு. கோவை நிறுவனம் ஒன்று சம்பந்தப்பட்ட வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கு; உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் உரிமை போகாது. ஆனா வண்டியை முழுக்க முழுக்க டிரைவர் கையில் விட்டு வாடகைக்கு ஓட்டினா வழக்கு நிற்பது கஷ்டம். 2012-ல் ஆந்திர விவசாயிகளின் விதை வழக்கிலும், விவசாயி நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இரண்டு: “வாரண்டியில் பார்ட்ஸ்தான் மாற்றுவோம், வண்டியை மாற்ற மாட்டோம்.” இதில் நாம கவனமா இருக்கணும். 2006-ல் ஒரு கார் வழக்கில், வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றுவதாகத்தான் இருக்கு என்று சொல்லி, முழுக் காரையும் மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனா 2010-ல் இன்னொரு கார் வழக்கில், உற்பத்தியிலேயே குறை என்று நடுநிலை நிபுணர் கண்டுபிடித்தால் பணத்தைத் திருப்பித் தரணும் என்றது. ஆக, வழக்கின் உயிர் நிபுணர் அறிக்கையில் இருக்கு. நிபுணரை வைத்து வண்டியைச் சோதிக்கச் சொல்லி ஆணையத்தில் மனுவோடேயே கேட்கணும்.

மூன்று: “நீங்க ஓட்டத் தெரியாம ஓட்டினீங்க.” இதுக்குப் பதில் வாயால் சொல்லிப் பயனில்லை. காகிதம்தான் பதில் சொல்லணும்.

நாம் செய்ய வேண்டியவை

வண்டி எடுக்கும் அன்றே என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், தயாரித்த மாதம், ஹவர் மீட்டர் எல்லாம் பில்லோடு ஒத்துப் பாருங்க. வாரண்டி புத்தகத்தை டீலர் முத்திரையோடு வாங்குங்க.

ஒவ்வொரு தடவை சர்வீசுக்கு விடும்போதும் ஜாப் கார்டு நகல் இல்லாமல் திரும்பாதீங்க. நீங்க சொன்ன குறை, தேதி, மணி அதில் இருக்கணும். “திருப்தி” என்று அச்சடித்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீங்க. “குறை தீரவில்லை” என்று எழுதிப் போடுங்க. நம்ம உறுப்பினர் ஐந்து ஜாப் கார்டையும் பத்திரமா வைத்திருக்கார். டீலர் இன்றைக்குப் பயப்படுவது அந்த ஐந்து காகிதத்துக்குத்தான்!

லிப்ட் இறங்குவதை, எண்ணெய் கசிவதை செல்போனில் வீடியோ எடுங்க. வெளி மெக்கானிக்கைத் தொடவிடாதீங்க. வாரண்டி போச்சு என்பாங்க. வாடகை வண்டிக்குக் கொடுத்த பணத்துக்கும் ரசீது வாங்குங்க.

டீலருக்கும் கம்பெனிக்கும் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்க. 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால், குறை தெரிந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுப் போடணும். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய்தான்.

ஒன்று முக்கியம். கோபத்தில் தவணையை நீங்களாக நிறுத்தாதீங்க. பைனான்ஸ் நிறுவனத்தையும் வழக்கில் சேர்த்து, இடைக்கால உத்தரவு கேளுங்க.

நமது கோரிக்கைகள்

1. குறையுள்ள டிராக்டரைத் திருப்பி எடுத்து, முன்பணத்தையும் கட்டிய தவணையையும் வட்டியோடு கொடு!

2. வண்டி ஷெட்டில் நிற்கும் நாளெல்லாம் மாற்று வண்டி கொடு!

3. வழக்கு முடியும் வரை தவணை வசூலை நிறுத்தி வை! அபராத வட்டி போடாதே!

4. விவசாயி புகார் கொடுத்தால், வேளாண்மைப் பொறியியல் துறை பொறியாளர் 7 நாளில் நேரில் வந்து இலவசமாகச் சோதித்து அறிக்கை தர, தமிழக அரசே உத்தரவிடு!

தோழர்களே! தனி ஆளா ஷோரூமுக்குப் போனா “மேனேஜர் இல்லை, நாளைக்கு வா” என்பான். ஊரே போய் நின்னா மேனேஜர் இருப்பார், நாற்காலியும் போடுவார். புது வண்டி வாங்கிக் கஷ்டப்படும் உறுப்பினர்கள் இன்றே பில்லையும் ஜாப் கார்டையும் கிளைச் சங்கத்தில் காட்டிப் பதிவு செய்யுங்க. டீலர் ஷோரூம் முன் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்குக் குடும்பத்தோடு வாங்க!

காசு கொடுத்தோம், ஓடுகிற வண்டி கொடு!
ஓடாத வண்டிக்குத் தவணை கேட்காதே!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!