ஆலோசனை அறையில் யார் உட்காருவது?

(முன்னாள் மாணவர் சங்கப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கல்லூரியில் மாணவர் நல மையம் ஒன்று தொடங்கப் போகிறோம் என்று செயலாளர் அறிவித்தார். கை தட்டினோம். அறைக்கு ஏசி யார், நாற்காலி யார், டைல்ஸ் யார் என்பதெல்லாம் பத்தே நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. கொடுப்பதில் நம்ம ஊர்க்காரர்களுக்கு எப்போதுமே கை தாராளம். அந்த அறைக்குள் யார் உட்காருவது என்ற கேள்வி வந்தபோது, "நம்ம எம்.எஸ்.டபிள்யூ. பசங்க இருக்காங்களே, அவங்களை உட்கார வெச்சுக்கலாமுங்க" என்று ஒருவர் சொன்னார். அது ஒரே நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. அந்த ஒரு நிமிஷத்து முடிவைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

யோசனை தப்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய டாக்டரிடம் சொல்லத் தயங்கும் ஒரு பையன், தன்னைவிட மூன்று வயது மூத்த அண்ணனிடம் சொல்லிவிடுவான். படித்த நிபுணர்கள் மட்டுமே இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதும் இல்லை. கோவாவில் சங்கத் என்ற அமைப்பில் டாக்டர் விக்ரம் படேலும் அவரது குழுவினரும் ஒரு காரியம் செய்தார்கள். மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்தெடுத்து, மூன்று வாரம் வகுப்பு நடத்தி, அதன் பிறகு பல மாதம் கூடவே வைத்துப் பழக்கி, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக அமர்த்தினார்கள். கடும் மனச்சோர்வோடு வந்த 495 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து, சிகிச்சையோடு ஆலோசனையும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். ஆலோசனை இல்லாத பிரிவில் அது 39 சதவீதம். 2017இல் லான்செட் இதழில் இந்த முடிவு வெளியானது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ஸ்நேகா அமைப்பிலும், போனை எடுத்துப் பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வத் தொண்டர்கள்தான்.

அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். கோவா கதையில் நாம் வேகமாகத் தாண்டிப் போகிற ஒரு பகுதி இருக்கிறது. அந்த ஆலோசகர்கள் தங்கள் உரையாடல்களை, வந்தவர்களின் சம்மதத்தோடு, பதிவு செய்தார்கள். பிறகு குழுவாக உட்கார்ந்து அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். எங்கே அவசரப்பட்டோம், எங்கே வந்தவர் சொன்னது காதில் விழாமல் போனது என்று பேசிக்கொண்டார்கள். இது ஒன்றும் புதுசு இல்லை. அமெரிக்காவில் கார்ல் ராஜர்ஸ், ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, ஆலோசனை உரையாடல்களை இசைத்தட்டில் பதிந்து மாணவர்களோடு கேட்டார். 1942இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ஒரே ஆளோடு நடந்த உரையாடல்கள் முழுவதையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். அதுவரை கதவுக்குப் பின்னால் நடந்த வேலையை முதன்முதலாக மாணவர்கள் காதால் கேட்டுக் கற்றார்கள்.

இதை நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதுசாக வந்த பையனை நீங்கள் யாராவது முதல் நாளே ஓவர்லாக் மெஷினில் உட்கார வைப்பீர்களா? முதலில் கைமடி. டெய்லர் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுத்து, நூல் வெட்டி, கண்ணால் பார்த்துப் பழகி, மதிய சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா இருக்கும்போது வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் மெஷின். அதற்குப் பிறகும் செக்கிங் இருக்கிறது. பனியனுக்கு இவ்வளவு பார்க்கிற நாம், மனுஷன் விஷயத்தில் ஒரே நாளில் மெஷினில் உட்கார வைக்கப் பார்க்கிறோம்.

இந்தத் துறையில் அப்படிக் கூட நின்று பழக்குகிறவரைச் சூப்பர்வைசர் என்பார்கள். நம்ம ஊரில் அந்த வார்த்தையைச் சொன்னால் லைனில் நின்று சத்தம் போடுகிறவர்தான் நினைவுக்கு வருவார்! அதனால் நான் வழிகாட்டி என்றே சொல்கிறேன். மாணவ ஆலோசகர் நாலைந்து பேரைப் பார்த்தால், வாரம் ஒரு மணி நேரமாவது வழிகாட்டியோடு உட்கார வேண்டும். அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் மாணவர்களை அந்த அறையில் விட்டால், வருகிறவருக்கும் கெடுதல், உட்கார்ந்திருக்கிறவருக்கும் கெடுதல்.

வருகிறவருக்கு என்ன கெடுதல்? பயிற்சியில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல, மற்றவர் பத்து நிமிஷம் கேட்க மட்டும் வேண்டும் என்போம். இரண்டாவது நிமிஷத்தில் "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" வந்துவிடும். மூன்றாவது நிமிஷத்தில் அறிவுரை. நாம் வளர்ந்த விதம் அப்படி. கஷ்டத்தைக் கேட்டால் உடனே எதையாவது சொல்லி மூடிவிட வேண்டும் நமக்கு. கேட்பவரின் பதற்றம் அடங்குவதற்காகச் சொல்லும் ஆறுதல் அது. எதிரே இருப்பவர், "இவருக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம்" என்று முடிவு செய்துவிடுவார். வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகவே ஒரு பருவம் ஆகும் என்பது என் அனுபவம். அதனால் முதலாண்டு முழுக்கப் பயிற்சி, இரண்டாம் ஆண்டில்தான் அறைக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. உயிரை விட்டுவிடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அந்த இடத்தில் தடுமாறுவார்கள். "தப்பா ஏதாவது யோசிக்கிறீங்களா?" என்று சுற்றி வளைப்பார்கள். நாமே நினைவூட்டியது போல் ஆகிவிடுமோ என்ற பயம். ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்கின்றன. அமைதியாக, நேராகக் கேட்டால் பலருக்குப் பாரம் குறைகிறது. "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்ற கேள்வியைக் குரல் நடுங்காமல் கேட்க, ஒருவருக்கொருவர் இருபது தடவை சொல்லிப் பழக வேண்டும். பதில் 'ஆமாம்' என்றால் அடுத்து என்ன செய்வது, யாரை எழுப்புவது, இன்று இரவு கூட யார் இருப்பது, வீட்டில் ஆபத்தானது ஏதாவது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அதை எடுத்து வைக்க யாரிடம் சொல்வது, இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மாணவ ஆலோசகர் தனியாக இருக்கவே கூடாது.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவே இல்லை. பயிற்சி பெறும் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பெற்றோருக்கும் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கெடுதல் என்றேன். ஒரு மாணவி, மூன்றாவது ஆளைப் பார்த்த அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "அந்தப் புள்ள சொன்னது எங்க வீட்டுக் கதையேதானுங்க. நான் அவளுக்குப் பதில் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கிட்டேனான்னு தெரியலீங்க" என்றாள். தனக்கே அது தெரிந்ததால்தான் அவள் நல்ல ஆலோசகராவாள் என்று நினைத்தேன். அதைச் சொல்ல ஒரு ஆள் அவளுக்கு அன்று கிடைத்தார். கிடைக்காவிட்டால், அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போயிருப்பாள்.

இனி நம்ம ஊர் விஷயம். வெளியூர்ப் பாடப்புத்தகத்தை அப்படியே இங்கே வைத்தால் நடக்காது. இங்கே படிக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கல்லூரி முடிந்ததும் கம்பெனிக்குப் போகிறார்கள். செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ராத்திரி எட்டரை வரை. பத்து மணிக்குத் திறந்து நாலு மணிக்குப் பூட்டும் மையம் அவர்களுக்கு எதற்கு? வீட்டு நிலைமையும் ஆர்டரோடு ஏறி இறங்கும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும், முதலாளி வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஃபீஸ் கட்ட முடியாதவனுக்கு மனதை ஆற்றுவது மட்டும் போதாது; உதவித்தொகைக்கு எங்கே மனுப்போடுவது என்பதும் ஆலோசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதில் சமூகப்பணி மாணவர்கள் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

நம்ம பக்கம் ஒருவரைப் பார்த்தவுடன் "எந்த ஊருங்க? யாரு வீடு?" என்று கேட்போம். அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் அந்தக் கேள்வி எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஆலோசனை அறையின் வாசலிலேயே அதை விட்டுவிட்டு வர வேண்டும். சாதி மாறிக் காதலிக்கும் ஒரு பெண் அங்கே வந்து அழுதால், "அப்பா அம்மாகிட்ட நான் பேசிப் பார்க்கட்டுமா கண்ணு" என்று நல்லெண்ணத்தோடு கிளம்பிவிடக் கூடாது. 2016 மார்ச் 13 அன்று, நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், பொறியியல் மாணவர் சங்கர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. வெளியே போகும் ஒரு வார்த்தைக்கு இந்த ஊரில் என்ன விலை என்று பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், ஒரே தெருக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஆலோசகராக இருக்கவே வேண்டாம்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் மறைக்க முடியாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். முதலாண்டில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு வயது பதினேழு என்பதை மறந்துவிடாதீர்கள். வருகிறவர் வாய் திறக்கும் முன்பே இந்த எல்லைகளைச் சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரி முடிவுகளை இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தனியாக எடுக்க விடுவது நியாயமா?

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்பது அதில் ஒன்று. நம் மாணவர்களை உட்கார வைத்துவிட்டு, தீர்ப்பை நிறைவேற்றிவிட்டோம் என்று கணக்குக் காட்ட முடியாது. அவர்கள் கற்றுக்கொள்ள வந்தவர்கள். தகுதி பெற்ற அந்த ஒருவரை முதலில் அமர்த்துங்கள். அவரே இவர்களுக்கு வழிகாட்டியாகவும் இருக்கட்டும். அவரால் முடியாத கேஸுக்கு, 2022இல் திறக்கப்பட்ட நம்ம ஊர் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநல டாக்டர்களோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். ராத்திரி நேரத்துக்கு டெலி மானஸ் இருக்கிறது, 14416. தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை நல மையக் கதவில் மட்டும் ஒட்டாதீர்கள். கேன்டீனிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒட்டுங்கள்.

கடைசியாகப் பணம். அறைக்கும் ஏசிக்கும் தந்தால் கல்வெட்டில் பேர் வரும். ஒருவருடைய மாதச் சம்பளத்துக்குத் தந்தால் எங்கேயும் பேர் வராது. ஆனாலும் அதற்குத்தான் கேட்கிறேன். உங்கள் கம்பெனியில் ஒரு நல்ல மெர்ச்சண்டைசருக்கு என்ன கொடுப்பீர்களோ, அந்தச் சம்பளம் கொடுத்தால்தான் நல்ல ஆள் வருவார், வந்தவர் நிற்பார். ஏசி இல்லாவிட்டால் ஃபேன் போட்டுக்கொள்ளலாம். மொத்தமாக ஒரு தொகை வேண்டாம், மாதாமாதம் வேண்டும், குறைந்தது மூன்று வருஷத்துக்கு. செயலாளர் மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. பேர், படித்த வருஷம், மாதம் எவ்வளவு, மூன்றையும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.