இயந்திரம் சொல்வதைக் கேட்போம்

ஆண்டின் தொடக்க மாதங்களில் நம் பால்மரங்கள் இலையுதிர்க்கின்றன. பாதையிலும் கோயில் முற்றத்திலும் சருகு குவிந்துவிடுகிறது. முன்பு துடைப்பத்தால் கூட்டிய இடங்கள் சிலவற்றில் இன்று முதுகில் சுமக்கும் பெட்ரோல் ஊதுபொறி வேலை செய்கிறது. அது திடீரென்று வேறு மாதிரிச் சத்தம் போட்டால் நாம் என்ன செய்ய வேண்டும்?

குழந்தை அழுவதைக் கேட்டே பசியா, வயிற்றுவலியா என்று தாய் அறிந்துகொள்கிறாள். இயந்திரமும் அப்படித்தான். பழுதாகி நிற்பதற்கு முன்னால் பெரும்பாலும் சத்தத்தால் சொல்லிவிடுகிறது. சத்தம் மாறியதும், "இந்த வரிசையை முடித்துவிட்டுப் பார்ப்போம்" என்று எண்ணாமல், உடனே நிறுத்த வேண்டும். நன்றாக ஆறவிட்டு, பிளக்கின் மூடியைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் விசிறி நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழல்வது. விரலுக்கு அது இரக்கம் காட்டாது.

முதலாவது, கடகடவென்ற சத்தம். பெரும்பாலும் மூடியின் திருகாணியோ புகைக்குழாயின் திருகாணியோ தளர்ந்திருக்கும்; முடுக்கினால் போதும். உரசும் சத்தமானால், பிளக் மூடி கழன்றிருக்கும்போதே கயிற்றை மெல்ல இழுத்துப் பார்ப்போம். அப்போதும் உரசினால் விசிறியில் குச்சி சிக்கியிருக்கலாம், அல்லது விசிறி உடைந்திருக்கலாம். உடைந்த விசிறியோடு இயக்கவே கூடாது.

இரண்டாவது, வீலென்று அலறும் சத்தம். ஊதும் காற்றும் குறைந்திருந்தால், காற்று நுழையும் வலையைச் சருகு அடைத்திருக்கலாம். தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் சுமை குறைந்து இயந்திரம் தறிகெட்டு ஓடுகிறது. வலை சுத்தமாக இருந்தும் அலறினால், பெட்ரோல் சரியாக வரவில்லை, அல்லது எங்கோ வெளிக்காற்று கசிந்து நுழைகிறது என்று ஐயப்பட வேண்டும். குழாயில் வெடிப்பு உண்டா, தொட்டிக்குள் இருக்கும் வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் ஆபத்தான சத்தம். இவ்வகை இயந்திரத்துக்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். பிஸ்டன் சூடேறி இறுகிவிடும்.

மூன்றாவது, புடுபுடுவென்ற அடைத்த சத்தமும் மிகுந்த புகையும். சோக் திறக்கப்படாமல் இருக்கலாம், காற்று வடிகட்டி அழுக்கேறியிருக்கலாம், புகைக்குழாயில் கரி படிந்திருக்கலாம். நுரைப்பஞ்சாலான வடிகட்டியைச் சவர்க்கார நீரில் கழுவி, முழுவதும் காயவைத்து மாட்டலாம்.

நான்காவது, இரும்பைத் தட்டுவது போன்ற டக்டக் சத்தம். பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது பிஸ்டன் கெட்டிருக்கலாம். இது நம் கைவேலை அல்ல. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். கார்புரேட்டர் திருகாணியைத் திருப்பிச் சத்தத்தை மறைக்கப் பார்ப்பது கேட்டை வளர்ப்பதாகும்.

இத்தொல்லைகளில் பலவற்றை வருமுன் தடுக்கலாம். இயந்திரத்தில் 50-க்கு 1 என்று எழுதியிருந்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் டூ-டி எண்ணெய். 25-க்கு 1 என்றால் 40 மில்லிலிட்டர். கண்மதிப்பில் ஊற்றாமல் அளந்து ஊற்றுவோம். எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஊற்றினால் சிறிது நேரத்திலேயே இயந்திரம் இறுகிவிடும். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது. அடுப்பிருக்கும் வீட்டுக்குள்ளும் வைக்கக் கூடாது.

நேயர்களே, இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்க நமக்குக் காது வேண்டுமே! மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு வந்த விதிமுறைகள், ஒரு நாள் வேலையில் காதுக்கு எட்டும் சராசரி இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன. முதுகில் ஏறும் ஊதுபொறி பல வேளைகளில் அதற்கு மேல் இரைவது. "காதுமூடி போட்டால் பழுது தெரியாதே" என்று சிலர் கேட்கலாம். தெரியும். மூடியைத் தாண்டியும் சத்தத்தின் மாற்றம் கேட்கும். முதுகில் அதிர்வும் மாறும். காலையில் வேலை தொடங்குமுன் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, அதன் வழக்கமான ஓசையை மனத்தில் வாங்கிக்கொண்டால் போதும்.

கெட்ட பிஸ்டனுக்கு மாற்றுப் பிஸ்டன் கடையில் கிடைக்கும். கெட்ட செவிக்கு அப்படி மாற்று கிடையாது. வீட்டில் நாம் அழைக்கும்போது அப்பா திரும்பிப் பார்க்க வேண்டுமானால், அவர் வேலைக்குப் புறப்படும்போது காதுமூடியை நாமே எடுத்துக் கொடுப்போம்.