எம்ஷர் ஆறு நமக்குச் சொல்வது

(டோட்முண்ட் நகரில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்நகரத்தின் ஊடாக ஓர் ஆறு ஓடுகிறது. எம்ஷர் என்பது அதன் பெயர். டோட்முண்டுக்குக் கிழக்கே ஹொல்ஸ்விக்கெட என்னும் சிற்றூரில் ஊற்றெடுத்து, கெல்சன்கியர்சன், எசன், ஓபர்ஹவுசன் ஆகிய நகரங்களைக் கடந்து, டின்ஸ்லாக்கன் அருகே றைன் நதியில் கலக்கிறது. எண்பதுகளில் ஏதிலிகளாக யேர்மனிக்கு வந்த நம்மவர்களுள் பலர் இவ்வாற்றை அண்டிய நகரங்களிலேயே குடியமர்ந்தார்கள். ஆயினும் இதனை ஓர் ஆறு என்று அன்று நம்மில் எவரும் எண்ணியதில்லை. கம்பிவேலிக்கு அப்பால், கொங்கிறீற்று வாய்க்காலில், கரிய நீர் ஓடியது. உயிராபத்து என்று எழுதிய பலகை வேலியில் தொங்கியது. கோடையில் நாற்றம் எழுந்தால் யன்னலைச் சாத்திக்கொண்டோம்.

வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் அந்த வாய்க்காலில் திறந்தவெளியில் ஓடுவது 2021ஆம் ஆண்டின் இறுதியுடன் நின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சாக்கடையாக இருந்த நீரோட்டம் மீண்டும் ஆறாகியிருக்கிறது. இது எவ்வாறு நிகழ்ந்தது, இதில் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் என்ன பங்கு இருக்கிறது என்பதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில், அது ஏன் அழுக்கானது? நிலக்கரி அகழப்பட்டபோது மேலேயுள்ள நிலம் தாழ்ந்தது. சில இடங்களில் 20 மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்தது. தாழும் நிலத்தில் குழாய் புதைத்தால் அது உடைந்துவிடும். ஆகவே நிலத்தின் கீழ்க் கழிவுநீர்க் குழாய் அமைக்க இயலவில்லை. ஆற்றின் வாட்டமும் கெட்டது, வெள்ளம் வந்தது, நோய்கள் பரவின. ஒவ்வொரு நகரமும் தன் கழிவைக் கீழேயுள்ள நகரத்துக்கு அனுப்பியது.

இந்நிலையில், 1899ஆம் ஆண்டு போஹும் நகரில், ஆற்றை அண்டிய நகரங்களும் சுரங்க நிறுவனங்களும் ஆலைகளும் ஒன்றுகூடி எம்ஷர் நீர்க் கூட்டுறவு அமைப்பை உருவாக்கின. ஆற்றை யார் எவ்வளவு பயன்படுத்துகிறாரோ, எவ்வளவு கெடுக்கிறாரோ, அதற்கேற்பக் கட்டணம் செலுத்தவேண்டும் என்பது அதன் அடிப்படை. அவர்கள் அன்று கடினமான ஒரு முடிவையும் எடுத்தார்கள். தெற்கேயுள்ள றூர் ஆறு குடிநீருக்கு. எம்ஷர் ஆறு கழிவுக்கு. எம்ஷர் நேராக்கப்பட்டது, கொங்கிறீற்றினால் பூசப்பட்டது. ஓர் ஆற்றைக் காப்பதற்காக மற்றோர் ஆறு பலியிடப்பட்டது.

அந்தப் பலி நிரந்தரமானதாக அமையவில்லை. சுரங்கத்தொழில் வடக்கே நகர்ந்து, எம்ஷர்ப் பகுதியில் நிலம் தாழ்வது நின்றபின், அதே கூட்டமைப்பு 1992இல் சீரமைப்பைத் தொடங்கியது. டோட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீற்றர் நீளமான கழிவுநீர்ச் சுரங்கக் குழாய் நிலத்தடியே அமைக்கப்பட்டது. சில இடங்களில் அது 40 மீற்றர் ஆழத்தில் செல்கிறது. சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. அதன் பின்னரே கொங்கிறீற்று உடைக்கப்பட்டு, கரைகள் அகலமாக்கப்பட்டன. முப்பது ஆண்டுகள், ஏறத்தாழ 550 கோடி யூரோ. இதன் பெரும்பகுதி உறுப்பினர் கட்டணத்திலிருந்து வந்தது. ஒரு பகுதியை மாநில அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் வழங்கின. பொட்றொப் நகரின் ஒரு சிற்றோடையின் மேற்பகுதியில் மட்டும் தப்பிப் பிழைத்திருந்த, இப்பகுதிக்கே உரிய சிறு மீனினம் ஒன்று, தூய்மையான ஓடைகளில் மீண்டும் விடப்பட்டது.

அன்பார்ந்தவர்களே, ஆறு திருந்திய அதே காலத்தில் இப்பகுதியின் பொருளாதாரமும் மாறியது. 1957இல் மேற்கு யேர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் வேலை செய்தார்கள். 2018 டிசம்பர் 21ஆம் நாள் பொட்றொப்பில் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. இந்த வீழ்ச்சியை உணர்ந்தவர்கள் கல்வியில் முதலிட்டார்கள். போஹும் பல்கலைக்கழகம் 1965இலும், டோட்முண்ட் பல்கலைக்கழகம் 1968இலும் திறக்கப்பட்டன. இன்று நம் பிள்ளைகள் பலர் அங்கே பட்டம் பெறுகிறார்கள் என்றால், நிலக்கரித் தொழில் வீழத் தொடங்கிய காலத்தில் எடுக்கப்பட்ட அந்த முடிவுகளே அதற்கு வழிகோலின.

ஹோர்டே பகுதியிலுள்ள பீனிக்ஸ் ஏரியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அங்கே இருந்த உருக்காலை 2001இல் மூடப்பட்டது. அதன் உலைகளும் இயந்திரங்களும் பிரித்தெடுக்கப்பட்டுச் சீனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அந்தக் குழியில் 2010இல் நீர் நிரப்பத் தொடங்கி, 2011இல் ஏரியை மக்களுக்குத் திறந்தார்கள். ஆலையின் கீழே குழாய்க்குள் அடைபட்டிருந்த எம்ஷர் இன்று ஏரியின் அருகே வெளிச்சத்தில் ஓடுகிறது.

ஆயினும் உண்மையை முழுமையாகச் சொல்லவேண்டும். அந்த ஏரிக்கரை வீடுகள் சாதாரண உழைப்பாளிக்கு எட்டாதவை. போஹும் நகரில் நோக்கியா ஆலை 2008இலும், ஓப்பல் ஆலை 2014இலும் மூடப்பட்டன. கெல்சன்கியர்சன் இன்றும் யேர்மனியில் வேலையின்மை மிகுந்த நகரங்களுள் ஒன்று. நீர் தெளிந்தவுடன் வேலை தானாக வந்துவிடவில்லை. மேலும், தாழ்ந்த நிலம் மீண்டும் உயராது. நீரேற்றும் இயந்திரங்கள் நின்றால் இப்பகுதியின் பெரும் பரப்புகள் நீரில் மூழ்கும். ஆகவே நீரை வெளியேற்றும் பணி முடிவின்றித் தொடரவேண்டும். அச்செலவுக்காகவே 2007இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. ஒரு தலைமுறை அகழ்ந்த கரிக்கு அடுத்துவரும் தலைமுறைகள் அனைத்தும் கணக்குச் செலுத்துகின்றன.

இனி, நம் வீடுகளுக்கு வருகிறேன். என் நண்பர் ஒருவரின் மகன், பத்தாம் வகுப்பு முடித்தவுடன், கழிவுநீர்த் தொழில்நுட்பத்தில் மூன்று ஆண்டுத் தொழிற்பயிற்சிக்கு இடம் பெற்றான். மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்து சொன்னான். தகப்பனார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இதற்காகவா நாங்கள் இவ்வளவு தூரம் வந்தோம்? ஊரில் யாரிடம் இதைச் சொல்ல முடியும்?" என்று கேட்டார். மகன், "அப்பா, நான் ஆய்வுகூடத்தில் நீரைச் சோதிக்கப்போகிறேன், இயந்திரங்களை இயக்கப்போகிறேன். இதிலே வெட்கப்பட என்ன இருக்கிறது?" என்றான். தகப்பனாரிடம் விடை இல்லை. அவன் அந்த இடத்தை விட்டுவிட்டான். இன்றும் அதை எண்ணி வருந்துகிறான், தகப்பனாரும் வருந்துகிறார்.

அந்தக் கேள்வியின் அடியில் இருந்தது என்ன என்பதை நாம் அறிவோம். கழிவைத் தொடும் தொழிலைச் சில குடிகளின் தலையில் சுமத்தி, அவர்களை ஒதுக்கிவைத்த சமூகத்திலிருந்து வந்தவர்கள் நாம். கடல் கடந்து வந்தபோது நகைகளையும் நிலங்களையும் விட்டு வந்தோம். அந்த எண்ணத்தை மட்டும் விடாமல் கொண்டுவந்தோம். இந்நாட்டிலோ அத்தொழில் சட்டம் அங்கீகரித்த, ஊதியத்துடன் கூடிய பயிற்சி. 2024ஆம் ஆண்டு முதல் அது சுற்றாடல் தொழில்நுட்பவியலாளர் என்னும் புதிய பெயரில் கற்பிக்கப்படுகிறது. மருத்துவரும் பொறியியலாளரும் நமக்கு வேண்டும். ஆனால் தூய நீர் இல்லையெனில் மருத்துவர் என்ன செய்வார்?

நம் தாயகத்தையும் எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறுகள் இல்லை என்றே சொல்லலாம். சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்கள் பட்ட இடர் நமக்குத் தெரியும். மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்னும் கோட்பாட்டை இலங்கை உச்ச நீதிமன்றம் 2019இல் அந்த வழக்கிலே வலியுறுத்தியது. அதே கோட்பாட்டின் மீதுதான் எம்ஷர்க் கூட்டமைப்பும் நிற்கிறது. ஆனால் தீர்ப்பு மட்டும் நீரைத் தெளியவைக்காது. நீரை அளக்கத் தெரிந்தவர், குழாய் அமைக்கத் தெரிந்தவர், பல்லாண்டுகள் கட்டணம் வாங்கிக் கணக்கு வைக்கத் தெரிந்தவர் தேவை. அந்த அறிவு இங்கே நம் வாசலில் இருக்கிறது. அதைக் கற்றவர் நம் பிள்ளைகளுள் இருந்தால், நாளை ஊருக்குப் பணத்தோடு அறிவையும் அனுப்பலாம்.

ஆகவே உங்கள்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். பெற்றோர்களே, ஆண்டுதோறும் ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத் தீர்த்தத்துக்கு, தொழிற்பேட்டை நடுவே ஓடும் கால்வாய்க்கு நாம் பக்தியோடு செல்கிறோம். அதுபோல ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எம்ஷர்க் கரையில் நடந்து செல்லுங்கள். அன்று அந்த நீர் எவ்வாறு இருந்தது என்பதை நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல முடியும். பிள்ளை ஒரு தொழிலைத் தேர்ந்து வந்து நின்றால், அத்தொழில் எத்தகையது என்று முதலில் கேளுங்கள். ஊர் என்ன சொல்லும் என்பதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

இளையோரே, இந்த ஆறு உங்களுடையது. நீங்கள் பிறந்த நகரத்தின் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது, அதற்கு யார் பணம் செலுத்துகிறார் என்பதை அறிந்துகொள்ளுங்கள். முப்பது ஆண்டுப் பணியைத் தொடங்கியவர்களுள் பலர் அதன் முடிவைக் காணவில்லை. எனினும் தொடங்கினார்கள். அப்படியான பணிகளில் உங்கள் பெயர்களும் இடம்பெறவேண்டும் என்பதே எங்கள் தலைமுறையின் விருப்பம்.