ஹேக்கத்தான் போட்டியும் நமது காலனியின் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் அளித்திருக்கும் பொருளோ புதியது. 'ஹேக்கத்தான்' என்னும் குழுப் போட்டியைப் பற்றிச் சில சொற்கள் கூறும்படி பணித்திருக்கிறார்கள். சென்ற குளிர்காலத்தில் கரக்பூரிலுள்ள நமது ரயில்வே காலனிப் பிள்ளைகள் அத்தகைய வட்டாரப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டு திரும்பியது முதல், வீட்டுக்கு வீடு இதே பேச்சாக இருக்கிறது. 'பரிசு வராத போட்டிக்கு ஒன்றரை நாள் கண் விழிப்பானேன்?' என்று கேட்போர் உண்டு. 'அடுத்த முறை பெண்ணை அனுப்புவதற்கில்லை' என்று முடிவாகச் சொல்லிவிட்ட பெற்றோரும் உண்டு. 'தமிழ்ச் சங்கத்துக்கு இதில் என்ன வேலை?' என்பது மூன்றாவது கேள்வி. இம்மூன்றுக்கும் விடை காண முயல்வோம்.

முதலில் அப்பெயரைக் கண்டு அஞ்சுவோரின் அச்சத்தைப் போக்க வேண்டும். 'ஹேக்கர்' என்றால், தொலைபேசியில் அழைத்துப் பாங்கிக் கணக்கிலுள்ள பணத்தைச் சுருட்டுபவன் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அச்சொல்லின் பிறப்போ வேறு. ரயில்வேக் குடும்பத்தினராகிய நமக்கு மகிழ்ச்சி தரத்தக்க செய்தி அதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்கள் நடத்திவந்த மாதிரி ரயில் சங்கம் ஒன்று இருந்தது. அதில் ஒரு பிரிவினர் சிறிய வண்டிகளையும் நிலையங்களையும் அழகுறச் செய்தனர். 'சிக்னலும் மின்சாரமும்' என்ற மற்றொரு பிரிவினர் மேடைக்குக் கீழே புகுந்து, தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலேக்களைக் கொண்டு அவ்வண்டிகளை இயக்கும் அமைப்பை உருவாக்கினர். 1950களில் அவர்களிடையே, சாமர்த்தியமாகச் செய்து முடித்த ஒரு வேலைக்கே 'ஹேக்' என்று பெயர். ஆகவே அச்சொல் திருடர்களிடமிருந்து வந்ததன்று. தண்டவாளத்தின் மீது ஆசை கொண்ட மாணவர்களிடமிருந்து வந்தது.

அச்சொல்லோடு 'மாரத்தான்' என்னும் நெடுந்தூர ஓட்டத்தின் பெயரைச் சேர்த்ததே 'ஹேக்கத்தான்'. 1999ஆம் ஆண்டு ஜூன் மாதம் கனடாவின் கால்கரி நகரில் ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் கணினி அமைப்பை வளர்த்து வந்தவர்களில் 10 பேர் ஓரிடத்தில் கூடி வேலை செய்தார்கள். அக்கூட்டத்துக்கு இப்பெயரை வைத்தார்கள். அவர்கள் கூடியது பரிசுக்காக அன்று. தனித்தனியே எழுதினால் நெடுநாள் இழுக்கும் வேலையை, ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து விரைந்து முடிக்கலாம் என்பதே நோக்கம். போட்டியும் பரிசும் பின்னர் வந்து சேர்ந்தவை.

நமது நாட்டில் இது பரவலாகத் தெரியவந்தது 2017ஆம் ஆண்டில். மத்திய அரசின் ஆதரவில் நடந்த முதலாவது 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' போட்டியின் இறுதிச் சுற்று அவ்வாண்டு ஏப்ரல் 1, 2 தேதிகளில், நாடெங்கும் 26 இடங்களில், இடைவிடாமல் 36 மணி நேரம் நடைபெற்றது. 29 அரசுத் துறைகள் தங்கள் வேலையில் எதிர்ப்படும் 598 சிக்கல்களை மாணவர்முன் வைத்தன. 2018இல், இயந்திரங்களையும் கருவிகளையும் கையால் செய்து காட்டும் வன்பொருள் பிரிவும் சேர்க்கப்பட்டது. அதற்கு 5 நாள் அவகாசம். 2020இல் பெருந்தொற்று பரவியிருந்தபோதும் நிற்காமல், இணையவழியே இறுதிச் சுற்று நடந்தது. அப்போட்டியில் ஒரு குழுவுக்கு 6 பேர். அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும் என்பது விதி. இம்மாதிரியைப் பின்பற்றிப் பல கல்லூரிகள் தத்தம் வட்டாரத்தில் சிறிய போட்டிகளை நடத்துகின்றன.

போட்டிக் கூடத்தில் நடப்பது யாதெனில், சிக்கல் முன்னதாகவே அறிவிக்கப்படும். குழுவினர் தாம் காணும் தீர்வைச் சுருக்கமாக எழுதி அனுப்புவர். தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்கள் குறித்த நாளில் ஓரிடத்தில் கூடி, ஒருவர் நிரல் எழுத, ஒருவர் கருவியைப் பொருத்த, ஒருவர் பிழை பார்க்க, ஒருவர் எடுத்துரைக்க, மாதிரி ஒன்றைச் செய்து முடிப்பர். இடையிடையே அனுபவசாலிகள் மேசைக்கு வந்து கேள்வி கேட்டுத் திருத்துவர். இறுதியில் நடுவர்களுக்கு முன்னே சில நிமிடங்கள்தாம். புதியதா, நடைமுறைக்கு ஏற்றதா, பயன்படுத்துவோருக்கு எளியதா என்று அவர்கள் நிறுத்துப் பார்ப்பார்கள்.

அன்பர்களே! இப்போட்டியின் உயிர்நிலை எது? நிரல் எழுதும் வேகம் அன்று. சிக்கலைச் சரியாக அறிவதே. இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1909ஆம் ஆண்டு, நமது வங்காளத்தின் அகமதுபூர் நிலையத்தில், ஓகில் சந்திர சென் என்னும் பிரயாணி வயிற்று உபாதையால் வண்டியை விட்டு இறங்கினார். அவர் திரும்புவதற்குள் கார்டு விசில் கொடுத்துவிட்டார். ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடிவந்து, நடைமேடையில் விழுந்து, பலர் நகைக்க அவமானப்பட்டார். இதனைச் சாகிப்கஞ்ச் அலுவலகத்துக்குக் கடிதமாக எழுதினார். ஆங்கிலம் தடுமாறிய அக்கடிதம் டில்லி ரயில்வே அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. கீழ்வகுப்புப் பெட்டிகளில் கழிவறை வந்ததற்கு அதுவே காரணம் என்று வழிவழியாகக் கூறுவர். அவர் பொறியாளர் அல்லர். கழிவறையின் வரைபடம் எதையும் போட்டு அனுப்பவில்லை. எங்கே, யாருக்கு, எவ்வாறு இடர் நேர்ந்தது என்பதை மட்டும் ஒளிவுமறைவின்றி எழுதினார். எஞ்சினில் நெடுநேரம் நிற்கும் டிரைவர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். கழிவறை பொருத்திய எஞ்சின் நமது ரயில்வேயில் ஓடத் தொடங்கியது 2016இல்தான். பிரயாணியின் இடர் ஏட்டில் ஏறி ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே, வண்டியை ஓட்டுபவரின் இடர் கவனிக்கப்பட்டது.

இனி நமது பிள்ளைகளின் கதைக்கு வருவோம். குழுவில் 6 பேர். மூவர் நம் சங்கத்து வீட்டுப் பிள்ளைகள். அவர்களுள் ஒருத்தி பெண். மற்றவர்களில் ஒருவர் தெலுங்கர், ஒருவர் வங்காளி, ஒருவர் ஒடியர். இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்காமல் மேலே போய்விடும் பார்சல் மூட்டைகளைக் கண்டுபிடிப்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். ஒவ்வொரு மூட்டையிலும் சதுரக் குறியீட்டுச் சீட்டு ஒன்றை ஒட்டுவது, ஏற்றும்போதும் இறக்கும்போதும் போர்ட்டர் அதனைக் கைபேசியால் படம் எடுப்பது என்பது அவர்கள் முதலில் போட்ட திட்டம். காகிதத்தில் அது அழகாகவே இருந்தது.

போட்டிக்கு இரு வாரங்களுக்கு முன், நமது வாசகசாலையில் அவர்கள் அதனை விளக்கினார்கள். பார்சல் வேலையில் பல்லாண்டு இருந்து ஓய்வு பெற்ற நமது மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வைத்த கேள்விகள் மூன்று. சணல் சாக்கில் பசை எத்தனை நாள் பிடிக்கும்? மழைக்காலத்தில் நனைந்த சீட்டை எந்தக் கைபேசி படிக்கும்? வண்டி நிற்பது சில நிமிடம். போர்ட்டரின் இரண்டு கைகளும் மூட்டையில் இருக்க, கைபேசி பிடிக்க மூன்றாவது கைக்கு அவன் எங்கே போவான்?

பிள்ளைகள் பதில் கூறவில்லை. மறுநாள் மாலையும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள். பெரியவர் தமிழில் சொல்வார். நமது பெண் அதனைத் தோழர்களுக்கு வங்காளியிலும் இந்தியிலும் எடுத்துச் சொல்வாள். அவர்கள் ஐயத்தை மீண்டும் தமிழில் கேட்பாள். முடிவில் திட்டமே மாறியது. ஒட்டும் சீட்டுக்குப் பதிலாக, மூட்டையின் தையலோடு சேர்த்துத் தைக்கும் துணிப்பைக்குள் வானொலி அலையால் படிக்கப்படும் சிறு வில்லை. படிக்கும் கருவியோ போர்ட்டரின் கையில் அன்றி, பார்சல் வேனின் கதவில். மூட்டை கதவைக் கடந்தாலே கணக்கில் ஏறிவிடும். இறங்க வேண்டியது உள்ளேயே இருந்தால் மணி அடிக்கும். போர்ட்டருக்குப் புதிய வேலை ஒன்றுமில்லை.

போட்டியில் அட்டையால் கதவு செய்து, 12 சிறு மூட்டைகளைக் கடத்திக் காட்டினார்கள். நள்ளிரவில் கருவி இரண்டு மூட்டைகளை ஒன்றாக எண்ணியது; விடிவதற்குள் அதைச் சரிசெய்தார்கள். ஆனால் நடுவர் ஒருவர், 'நடைமேடையில் கதவருகே சும்மா கிடக்கும் மூட்டையையும் உங்கள் கருவி ஏறியதாக எண்ணிவிடாதா?' என்று கேட்டார். எண்ணிவிடும் என்பதே உண்மை. அதனை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள். பரிசு வேறு குழுவுக்குச் சென்றது.

இதனைத் தோல்வி என்று சிலர் எழுதி வைத்துவிட்டனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அக்கேள்விக்கு விடை தேடி அந்த அறுவரும் இன்றும் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள். கதவின் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு கருவிகளை வைத்து, எது முன்னே படித்தது என்று பார்த்தால் மூட்டை போகும் திசை விளங்கும் என்பது அவர்களுடைய இப்போதைய முயற்சி. மதிப்பெண்ணுக்காகப் படித்த பாடம் பரீட்சையோடு கழன்றுவிடுவதுண்டு. பதில் கிடைக்காத ஒரு நல்ல கேள்வி எளிதில் மனத்தை விட்டுப் போவதில்லை. ஒன்றரை நாள் கண் விழித்ததற்கு அதுவே கூலி.

பெண்களை அனுப்புவதைப் பற்றி ஒரு சொல். பெற்றோரின் தயக்கம் நியாயமானதே; அதனைப் பழமை என்று எள்ளுவது முறையன்று. ஆயினும் எண்ணிப் பாருங்கள். பெரியவரின் அறிவு அக்குழுவுக்குச் சென்று சேர்ந்தது எவர் வாய்மொழியாக? அப்பெண் இல்லையேல், பசை பிடிக்காத சீட்டோடுதான் அவர்கள் போட்டிக்குப் போயிருப்பார்கள். தயக்கத்துக்கு மருந்து தடை அன்று, தக்க ஏற்பாடு.

சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்போருக்கும் இதிலேயே விடை உண்டு. ஓய்வு பெற்ற பார்சல் ஊழியரும் பொறியியல் மாணவியும் எந்த அலுவலகத்திலும் எந்தக் கல்லூரியிலும் ஒரே பெஞ்சில் உட்காரப் போவதில்லை. நமது வாசகசாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கிடையே பாலமாக நின்றது தமிழ். மேடையில் போற்றப்படும் மொழி, வேலைக்கும் உதவும் மொழியாக அன்று விளங்கியது. 1951இல் இவ்வூரிலேயே நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டது. அதன் வாயிலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த நம்மில் பலர் மெட்ரிகுலேஷனோடு நின்றவர்கள். 'படித்தவர்கள் செய்யும் காரியம், நமக்கென்ன தெரியும்' என்று ஒதுங்குவது நம் வழக்கமாகிவிட்டது. பாயிண்ட்ஸ்மேனுக்குத் தெரிந்தது, டிராக்மேனுக்குத் தெரிந்தது, ஆஸ்பத்திரி நர்ஸுக்குத் தெரிந்தது, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைக் கணக்கிட்டுக் குடும்பம் நடத்தும் தாய்க்குத் தெரிந்தது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அதனைச் சொல்லாமல் விட்டால் அது நம்மோடு மறைந்துவிடும்.

ஆகவே செயற்குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: வாசகசாலையில் குறிப்பேடு ஒன்று வைக்கப்படட்டும். தொழிலிலோ வீட்டிலோ காணும் இடர்ப்பாட்டை எவரும் அதில் எழுதலாம். எங்கே, யாருக்கு, எத்தனை முறை, இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள் என்னும் நான்கு விவரம் போதும்.

இரண்டு: மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஒரு தொழிலை அறிந்த பெரியவர் ஒருவர் மாணவர்களோடு அமர்ந்து அதன் நடைமுறையை விளக்கட்டும். அலுவலக ரகசியம் எதுவும் வேண்டாம். கை செய்யும் வேலையைச் சொன்னால் போதும்.

மூன்று: பெண்கள் உள்ள குழு வெளியூர் சென்றால், சங்கத்தின் சார்பில் ஓர் அம்மையாரும் மற்றொரு பெரியவரும் உடன் செல்லட்டும், தங்குமிடத்தை முன்னதாகவே பார்த்து வரட்டும். பரீட்சைக் காலத்துப் போட்டிகளைத் தவிர்க்கட்டும்.

நான்கு: சென்று வந்த குழுவினர், வென்றாலும் தோற்றாலும், இம்மேடையில் ஏறித் தாம் கண்டதைக் கூறட்டும். நாம் இருந்து கேட்போம்.

பெற்றோர்களே! அடுத்த முறை பிள்ளை வீடு திரும்பும்போது 'பரிசு கிடைத்ததா?' என்று மட்டும் கேளாதீர்கள். 'என்ன கேள்வி கேட்டார்கள்?' என்றும் கேளுங்கள். இளைஞர்களே! நிரல் எழுதத் தொடங்குமுன், அதனைப் பயன்படுத்தப் போகிறவரின் இரு கைகளும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இவ்விரண்டும் நடந்தால் இவ்வாண்டு விழா நற்பயன் பெற்றதாகும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!